ஏட்டையாவுக்கு மாவுக்கட்டு

பெரியப்பா செல்லச்சாமியின் வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, நான்கு மாதமாக ஒரு புண் இருந்தது. வலிக்கவில்லை. பதினெட்டு வருடச் சர்க்கரை, பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ நீண்ட விடுப்பில் அனுப்பியிருந்தது. வலிக்காததைப் புண் என்று ஒப்புக்கொள்ள ஓய்வுபெற்ற ஏட்டையாவுக்கு மனமில்லை. பாதம் அழுந்தக் கூடாதென்று டாக்டர்கள் கொடுத்த விசேஷ பூட்ஸை வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டு, தினமும் காலையில் குற்றாலம் வரை நடந்தார். கேட்டால், "நடந்தாத்தாம்லே சுகர் குறையும்" என்பார்.

தென்காசியில் டாக்டர் ஜாஹிரா பீவி புண்ணின் ஓரத்துத் தடித்த தோலைச் சீவி எடுத்தார்.

"ரத்த ஓட்டம் நல்லாருக்கு. சீழ் எலும்புக்குப் போகலை. இப்படியே நடந்தீங்கன்னா விரலை எடுக்க வேண்டியதாப் போயிரும். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போடுதேன்."

"எலும்பு ஒடையலையேம்மா?"

"ஒடைஞ்சிருந்தா வலிக்கும், நீங்களே உக்காந்திருப்பீங்க. வலிக்கலைன்னுதான் கட்டுதேன். பூட்ஸ் மாதிரி இதைக் கழட்டி வைக்க முடியாதுல்லா."

கட்டோடு வெளியே வந்தபோதுதான் விஷயம் உறைத்தது. பெரியப்பா வேலை பார்த்த ஸ்டேஷனில் பிடிபட்டவர்கள், மறுநாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு பேப்பரில் வருவது வழக்கம். அந்தத் தரையைக் கடைசி வரை யாரும் சரிசெய்யவில்லை.

டீக்கடையில் பால்வண்ணநாதன் அண்ணாச்சி மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்: "என்ன ஏட்டையா, பாத்ரூம்ல வழுக்கிட்டா?"

டாக்டர்கள் நான்கு மாதம் கெஞ்சியும் உட்காராத மனிதரை அந்த ஒரு கேள்வி வீட்டில் உட்கார வைத்தது.

வாரம் ஒருமுறை கட்டு மாற்ற மட்டும், படுதா இறக்கிய ஆட்டோவில் போனோம். துணைக்கு நான். மூன்றாவது வாரம் அரிப்புத் தாங்காமல் பெரியப்பா ஒரு குடைக்கம்பியை எடுத்துக் கட்டுக்குள் விடப்போனார். கையைப் பிடித்தேன். "எடுலே கையை" என்றார்.

டிரைவர் செந்தில்வேல் ஆட்டோவை ஓரங்கட்டினார். "விட்றாதிய ஐயா. நான் விட்டேன். உள்ள கீறி, சீழ் வச்சு, மூணு மாசம் படுத்துக் கெடந்தேன். எனக்குச் சுகர்கூடக் கெடையாது."

"ஒனக்கு எப்பலே கட்டு?"

"ஆச்சு, எட்டு வருசம்."

"எங்கன விழுந்த?"

"ஒங்க ஸ்டேஷன் பாத்ரூம்லதான்யா."

பெரியப்பா கம்பியை என்னிடம் கொடுத்தார்.

ஒன்பதாவது வாரம் கட்டைப் பிரித்தபோது புண் மூடியிருந்தது. மெத்தென்ற செருப்பு ஒன்றைக் கொடுத்த டாக்டர், இனி வீட்டுக்குள்ளும் இதுதான், தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பெரியப்பா மறுபேச்சின்றித் தலையாட்டினார்.

வாசலில் செந்தில்வேல் காத்திருந்தார். "குற்றாலத்துக்கா ஐயா? சீசன் நல்லாருக்கு."

"வீட்டுக்கு விடு. போற வழியில பாத்ரூமுக்கு ரப்பர் மேட் வாங்கணும்."

"ஒண்ணா ஐயா?"

பெரியப்பா படுதாவைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு. ஒண்ணை ஸ்டேஷன்ல எறக்கிரு."