பாதி மோட்டார், பாதி கால்

புது மோட்டார் பழையதைவிட இரண்டு மடங்கு கனத்தது. பின்சக்கரத்தோடு சேர்த்துத் தூக்கிச் சைக்கிளில் பொருத்தும்போது தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது. பழையது சக்கரத்தின் நடுவில் ஒரு டப்பா மூடிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். இது வாணலி அளவு இருந்தது. இதன் வேகத்துக்கு அச்சே திருகிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று சொல்லி, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து முடுக்கினான். மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும் பழைய கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினான். இனி மேடு என்ன, சுவரிலேயே ஏறலாம் என்றான்.

அன்று என் மனைவியும் கடைக்கு வந்திருந்தாள். கிரீஸ் வாசனை அவளுக்கு ஆகாது. எனக்குத் தெரிந்து தம்பியின் சைக்கிள் கடைப் பக்கம் அவள் எட்டிப்பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. நான் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருக்க, அவர்கள் இருவரும் ஹேண்டில்பாரில் இருந்த சின்னத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எதையோ விளக்கினான். அவள் ஒரு விரலால் பொத்தானை அழுத்தினாள். இவளுக்கும் இதில் அக்கறை வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் வேலை பார்த்தது நகரத்துக்கு மேலே, குன்றின் உச்சியில் இருந்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில். தண்ணீர் தானாக இறங்கி ஊருக்குப் போக வேண்டும் என்று அங்கே கட்டியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவன் தானாக ஏறிக்கொள்ள வேண்டியதுதான். பஸ் கிடையாது. தண்ணீரை வடிகட்டும் மணல் படுகைகள் என் பொறுப்பு. காலையில் படுகைகளுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய நடைபாதையில் ஒரு நடை போய் வருவேன். தண்ணீர் எங்கே சோம்பி நிற்கிறது, எங்கே சரியாக இறங்குகிறது என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். வேறு எந்த இடத்திலும் எனக்கு அந்த நிம்மதி கிடைத்ததில்லை. வீட்டில்கூட. போன வருஷம் நெஞ்சு வலி வந்து, ரத்தக்குழாயில் ஒரு கம்பிவலையை வைத்து அனுப்பினார்கள். சைக்கிள் ஓட்டலாம், மூச்சு வாங்கும்படி மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பிறகு மனைவியை மட்டும் வெளியே கூப்பிட்டு ஏதோ பேசினார். பழைய மோட்டார் மேட்டில் என்னைத்தான் இழுக்கச் சொல்லும். அதனால்தான் புது மோட்டார்.

முதல் நாள் சமதரையில் சத்தமில்லாமல் போனது. குன்றின் அடிவாரத்தில் சாலை நிமிர்ந்ததும் மோட்டார் முனகியது. முனகியதே தவிர தூக்கவில்லை. நான் எழுந்து நின்று மிதித்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வாசல் காவலாளி தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் தம்பியிடம் போனேன். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, காதை வைத்துக் கேட்டான். பேட்டரியைப் பார்த்தான். வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"மோட்டார்ல ஒண்ணும் குறை இல்லண்ணா. இது பாதி மோட்டார், பாதி கால். மோட்டார் அதோட பாதிய ஒழுங்கா செய்யுது."

மீதியை அவன் சொல்லவில்லை. என் கால்களை மட்டும் ஒருமுறை பார்த்தான்.

மோட்டார்கூடப் பொய் சொல்லலாம், தம்பி சொல்ல மாட்டான் என்று நினைக்கிறவன் நான். அப்பா போனபிறகு அவனுக்கு முதல் ஸ்பேனர் செட் வாங்கிக்கொடுத்தது நான்தான் என்பதற்காக அல்ல. அவன் சைக்கிள்களைப் பற்றிப் பேசும்போது யாருக்காகவும் வளைந்து பேசியதில்லை. ஆகவே கோளாறு காலில்தான் என்று எடுத்துக்கொண்டேன். காலுக்கு மேலே இருக்கும் நெஞ்சில் என்றும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு வந்த மாதங்களில் நான் என் உடம்பை ஒரு பழுதான சாமானைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினேன். மாடிப்படியில் நின்று நின்று ஏறினேன். கடையில் பையைத் தூக்குவதற்கு முன் யோசித்தேன். சாயங்காலங்களில் மனைவி என் கெண்டைக்காலுக்கு வலி மருந்து தேய்த்துவிடுவாள். "இவ்ளோ பெரிய மோட்டார் வச்சும் இப்படி வலிக்குதா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு மெதுவாக, விரல் விரலாக அழுத்துவாள். அந்தக் கைகளுக்கு நான் நன்றியோடு இருந்தேன். வேலை செய்யும் இடத்தில் பம்ப் ரூம்காரர் ஒரு நாள், "மோட்டாரை மாத்தியாச்சு. ஆளை எப்ப மாத்துறதா உத்தேசம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில் ஒரு காலை, குன்றின் பாதியில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பள்ளிக்கூடம் போகிற ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வந்து, "சார்ஜ் தீந்துடுச்சா அங்கிள்?" என்றாள். ஆமாம் என்றேன். திரையில் பேட்டரி முழுசாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் அதைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

அன்றே மேலதிகாரி அம்மாவிடம் கீழே வேலை கேட்டேன். அவர் அவசரப்படாமல் யோசித்துச் சொல்லும்படி சொன்னார். யோசித்தாயிற்று என்றேன். நகரத்தில் புகார் பிரிவில் உட்கார வைத்தார்கள். படுகைகள் பம்ப் ரூம்காரருக்குப் போயின. விஷயத்தைச் சொன்னபோது மனைவி தைத்துக்கொண்டிருந்த காலரை அப்படியே விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். "பரவாயில்ல விடு," என்று நான்தான் அவளைத் தேற்றினேன்.

புகார் பிரிவு என்றால் ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு தொலைபேசி, ஒரு மின்விசிறி. தண்ணீரைப் பார்க்கவே முடியாது. அது வரவில்லை என்று மட்டும் கேட்கலாம். அங்கேதான் ஒரு நாள் ரொட்டி விற்கிற ஒரு பெண்மணி வந்தாள். அவள் கடை வாசலில் குழாய் கசிகிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனவள், என் சைக்கிளின் பக்கத்தில் நின்றுவிட்டாள். அவளுடைய சைக்கிளிலும் அதே வாணலி. பின்னால் ரொட்டித் தட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

எங்கே வரைக்கும் போவீர்கள் என்று கேட்டேன். மேலே, தண்ணீர்த் தொட்டிக் குடியிருப்பு வரைக்கும், தினமும் என்றாள். மேட்டில் மிதிக்கிறீர்களா என்றேன்.

"எதுக்கு மிதிக்கணும்? சும்மா காலைச் சுத்திக்கிட்டே பாட்டு கேட்டுட்டு போவேன்."

நான் என் கதையைச் சொன்னேன். அவள் என்னைவிடக் கனமாக இருந்தாள், என்னைவிட வயதும் கூட. கேட்காமலே என் சைக்கிளை எடுத்து வளாகத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். வாசல் சரிவில் ஏறும்போது அவள் புருவம் நெரிந்தது.

"என்ன சார் இது, கட்டிப்போட்ட மாடு மாதிரி போகுது." இறங்கித் திரையின் பொத்தான்களை அழுத்தினாள். நான் பார்த்தே இராத பக்கங்கள் வந்தன. ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். "இந்தா பாருங்க. மோட்டாருக்குப் போற கரண்ட்டைக் குறைச்சுப் பூட்டி வச்சிருக்காங்க. நம்பர் போட்டாத்தான் திறக்கும். மாட்டினவரைக் கேளுங்க."

மாட்டினவன் ஒரு சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நான் ஸ்டாண்டைப் போடாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நம்பர் என்ன என்று கேட்டேன். எண்ணெய்க் குப்பியை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினான்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணா. அண்ணிதான் அழுத்தினாங்க."

அவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவளை அழுத்தச் சொல்லியிருக்கிறான். என்றாவது நான் கேட்டால் சத்தியம் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று. பொய் சொல்லாத தம்பிதான்.

கேட்கக் கேட்கச் சொன்னான். அதற்கு முன்பே ஒரு நாள் அண்ணி கடைக்கு வந்து அழுதாளாம். அந்த மேட்டில் அவர் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்றாளாம். நாம் சொன்னால் கேட்க மாட்டார், அவராகவே அந்த வேலையை விட வேண்டும் என்றாளாம். அவனால் மறுக்க முடியவில்லையாம்.

"பூட்டினா நான் இன்னும் அழுத்தி மிதிக்கணும். அது உனக்குத் தெரியும்ல?"

அவன் சங்கிலியைத் துணியால் துடைக்கத் தொடங்கினான்.

"டாக்டர் என்ன செய்யக் கூடாதுன்னாரோ, அதைத்தான் தினமும் செய்ய வச்சிருக்க. அதை அவகிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்?"

"சீக்கிரம் விட்டுடுவன்னு நினைச்சேன்ணா," என்றான். "நீ இவ்ளோ நாள் மிதிப்பன்னு நினைக்கல."

கடையில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார். தம்பி அவரிடம் போய் அவருடைய பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். குரல் எப்போதும்போல இருந்தது.

வீட்டில் மனைவி ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைகள். வெட்டிய காலர்கள் தரையில் வெள்ளையாகக் குவிந்திருந்தன. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். நம்பர் என்ன என்றேன். அவள் எந்த நம்பர் என்று கேட்கவில்லை. மெஷின் சக்கரத்தின்மேல் கையை வைத்து நிறுத்தினாள்.

"தம்பி சொன்னாரா?"

"ரொட்டிக்காரம்மா சொன்னா."

அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது என்றாள். நான் மேலே போய்ச் சேரும்வரை ஒவ்வொரு நாளும் அவளுக்குத் துணியில் தையல் கோணிப்போனது எனக்குத் தெரியாது என்றாள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். "நான் வேலைய விடுங்கன்னு ஒரு நாளாவது சொன்னேனா?" என்றாள்.

"சொல்லல. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஜெயிச்சிருப்பேன், இல்ல தோத்திருப்பேன். நீ சண்டையே இல்லாம முடிச்சுட்ட."

"மெதுவா போனா நெஞ்சுக்கு நல்லதுதானே."

அதற்கு நான் பதில் சொன்னேன். மோட்டார் தூக்காததை யார் தூக்கினார்கள் என்று சொன்னேன். எழுந்து நின்று மிதித்தது, வாயால் மூச்சு விட்டது, இறங்கித் தள்ளியது எல்லாம். குரலை உயர்த்தவில்லை. அவள் முகத்தில் அது மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். அவளுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. கை மெஷினிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. ஒரு கணம் எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த கணம் அந்தக் கையைப் பார்த்தேன்.

"தினமும் என் காலை அமுக்கிவிட்டியே," என்றேன். "இவ்ளோ பெரிய மோட்டார் வச்சும் வலிக்குதான்னு கேட்டியே."

அவள் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"டாக்டர் உன்னை வெளிய கூப்பிட்டு என்ன சொன்னாரு?"

"எல்லாருக்கும் சொல்றதத்தான் சொன்னாரு."

இதற்கு முன்னால் என்றால் அந்தப் பதில் போதுமாக இருந்திருக்கும். இப்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலும் பிடி கிடைக்கவில்லை.

அவளாகவே எழுந்து சைக்கிளிடம் வந்தாள். சேலை முந்தானையில் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. திரையை எழுப்பி, அந்தப் பக்கங்களைத் தடுமாறாமல் கடந்து போனாள். நம்பரை அழுத்தும்போது இடது கையால் திரையை மறைத்துக்கொண்டாள். அழுத்தி முடித்த பிறகுதான் தான் மறைத்ததை அவளே கவனித்தாள். கையை எடுத்தாள். திரை திறந்திருந்தது.

"இப்பவே போகணுமா?" என்றாள்.

நான் மிதியில் காலை வைத்ததும் சைக்கிள் என்னை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது. பிரேக்கைப் பிடித்து, மறுபடி மெல்ல அழுத்தினேன். தெரு முனையில் திரும்பும்போது அவள் அங்கேயே நிற்பாள் என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்டில் ரொட்டிக்காரி சொன்னது சரி. கால் சும்மா சுற்றினால் போதும். நான் வழக்கமாக எழுந்து நிற்கிற இடம் வந்தது, போனது. இறங்கித் தள்ளிய இடம் வந்தது, போனது. மூச்சு வாங்கும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். உச்சிக்கு வந்து, நிலையத்தின் கம்பிவேலி ஓரமாகக் காலூன்றி நின்ற பிறகும் காத்திருந்தேன். வாங்கவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். சட்டை காய்ந்திருந்தது.

காவலாளி இருந்த இடத்திலிருந்தே, "என்ன சார், எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கதவைத் திறக்கவில்லை. திறக்கும்படி நானும் கேட்கவில்லை.

வேலிக்கு அந்தப்பக்கம் பம்ப் ரூம்காரர் கடைசிப் படுகையைக் கழுவிக்கொண்டிருந்தார். அடியிலிருந்து காற்று கிளம்பி, மணல் கொதிப்பதுபோலப் புரண்டது. பழுப்புத் தண்ணீர் மேலெழுந்து விளிம்பைத் தாண்டிக் கால்வாயில் வழிந்தது. பழுப்பு மஞ்சளாயிற்று. மஞ்சள் வெளுக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அடியில் மணல் தெரியும்; அதுவரை வால்வை மூடக் கூடாது. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வால்வை மூடினார்.

தண்ணீர் அப்படியே நின்றது. தெளியவில்லை.