நசுங்காத பழம்

முத்துச்செல்வி காலை ஏழு மணிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து பைக்கில் கிளம்பினாள். நூறு கிலோமீட்டர் தாண்டியும் முன் டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை.

பின் டயர் பழம் ஒழுங்காக நசுங்கியது. சாறு தெறித்துப் பக்கத்து வீட்டுக் கோலத்தில் விழுந்தது, அந்த வீட்டு அம்மாள் முறைத்தாள், எல்லாம் முறைப்படி நடந்தது. முன் டயர் பழம் மட்டும் சக்கரத்துக்கு அடியிலேயே உருண்டு வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியது. வண்டியின் முன்பக்கம் ஒரு பழம் உயரத்துக்குத் தூக்கியே இருந்தது. ஓட்டுவதற்கு அதனால் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை.

மைல்கற்கள்தான் ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றிலும் ‘அருப்புக்கோட்டை 0’ என்று எழுதியிருந்தது. வலது பக்கக் கண்ணாடியில் அம்மா பேச்சியம்மாள் வாசலில் நின்று கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். மதுரையைத் தாண்டும்போதும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா இறந்தபிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டே பேர். தனியாக ஹம்பி வரைக்கும் வண்டியில் போய்வருகிறேன் என்று செல்வி மூன்று வருடம் கெஞ்சினாள். மூன்று வருடமும் அம்மா கேட்காததுபோல் அரிசி களைந்தாள். போன வாரம் திடீரென்று சரி என்றாள். கெஞ்சிப் பழகிய வாய்க்கு அப்புறம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

திண்டுக்கல் தாண்டி ஒரு டீக்கடையில் பத்துப் பன்னிரண்டு வண்டிக்காரர்கள் நின்றார்கள். எல்லோரும் அவள் வயதுக்காரர்கள். ஒருவன் சிரித்தபடி வந்தான்.

“எங்கங்க போறீங்க?”

“ஹம்பி.”

“அட, நாங்களும் அங்கதான். சேர்ந்தே போகலாம்.” சொல்லிக்கொண்டே குனிந்து டயரைப் பார்த்தான். சிரிப்பை மரியாதையாக எடுத்து வைத்துக்கொண்டான். “ஓ. கிளம்புனதும் சொல்லுங்க.”

அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டுப் போயின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் அவளுக்கு எடுத்த கிளாஸை டீ ஊற்றாமலே கவிழ்த்து வைத்தார். அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

கரூருக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அதிகாரி தரையோடு தரையாகப் படுத்துப் பழத்தைப் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“நீங்க இன்னும் கிளம்பலையேம்மா.”

“காலையிலயே கிளம்பிட்டேன் சார். மீட்டரைப் பாருங்க.”

“மீட்டர் ஓடும். அதுக்கென்ன, ஓடத்தானே மாட்டியிருக்கு.”

பெரிய நோட்டில் அவள் பெயரைத் தேடிப் பிடித்தார். அதற்கு நேராக ‘வீட்டில் இருக்கிறார்’ என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

“வீட்ல இருக்கிறவங்களுக்கு நான் கேட்டைத் திறக்க முடியாது. ஓரமா நில்லுங்க.”

ஓரமாக நின்றாள். நோட்டின்படி அவள் வீட்டில் இருந்தாள். வீட்டிலும் அவள் இல்லை. அப்படியானால் அவள் எங்கேயும் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள். கண்ணாடியில் அம்மா இடது கையால் போனை எடுத்தாள். வலது கை மேலேயே இருந்தது.

“இன்னும் வாசல்லயாம்மா நிக்கிற?”

“பின்ன? பழம் நசுங்குற வரைக்கும் கையக் காட்டணும்ல.”

“சாப்பிட்டியா?”

“எங்க சாப்பிட? அடுப்புல பால் வச்சேன். பொங்கி மேல வந்து அப்படியே நிக்குது. சட்டிக்கு மேல ஒரு முழம்.”

“பழம் நசுங்க மாட்டேங்குதும்மா.”

கண்ணாடியில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“கடையில கேட்டான் செல்வி. நசுங்குற பழம் வேணுமா, நசுங்காத பழம் வேணுமான்னு. ரெண்டுலயும் ஒண்ணொண்ணு வாங்கிட்டேன்.”

“எதுக்கும்மா?”

“ஒண்ணு உனக்கு. ஒண்ணு எனக்கு.”

லாரிகள் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. செல்விக்குக் கோபம் வர வேண்டும். வந்தும் பார்த்தது, நிற்க இடமில்லாமல் போய்விட்டது. இப்படியே வண்டியைத் திருப்பினால் ஒரு நிமிஷத்தில் வீடு. எல்லாக் கற்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. திரும்பினால் இன்னும் மூன்று வருடம் அரிசி களைகிற சத்தம் கேட்கும்.

“அது எப்பம்மா நசுங்கும்?”

“நான் கையக் கீழ போட்டா.”

“போடேன்.”

“நீ சொல்லாம எப்படிப் போட?”

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. அம்மாவின் கை லேசாக நடுங்குவது கண்ணாடியில் தெரிந்தது. காலையிலிருந்து அந்தக் கை அப்படித்தான் நடுங்கியிருக்கிறது. ஆட்டுகிறாள் என்று இவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“கை வலிக்கும்மா. கீழ போடு.”

அம்மா கையைக் கீழே போட்டாள்.

பழம் நசுங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வண்டியின் முன்பக்கம் ஒரு பழம் உயரம் இறங்கியது.

“பால் பொங்கிருச்சு, வைக்கிறேன்” என்றாள் அம்மா. செருப்பைக் கழற்றும் சத்தமும் கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்ட பிறகுதான் போன் கட்டானது.

அதிகாரி எழுதியதை அடித்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். கண்ணாடியில் இப்போது ரோடு மட்டும் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்படியே ஓட்டினாள்.

அடுத்த கல் வந்தது. ‘அருப்புக்கோட்டை 1’ என்று எழுதியிருந்தது.