ஊர்வலத்தில் ஓர் ஆஸ்டின்

அந்த ஆஸ்டின் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் பொன்னுதுரையின் முகம் இன்றைக்கும் இளகிவிடும். நல்ல கார்தான். ஓடினால் ராஜா, ஊர்ந்தால் நோயாளி. அவருடைய கல்யாணத்தன்று காஜா பெராங் சாலையில் நாதஸ்வரக்காரர்களின் பின்னால் ஊர்ந்தபோது ரேடியேட்டர் கொதித்துத் துருத்தண்ணீர் பீறிட்டது. புதுப்பெண் கமலவேணி மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை வீடுவரை நடந்தே போனார். அதற்குப் பிறகு அந்தக் காரில் அவர் ஏறவே இல்லை. காய்கறி வாங்கப் பாசாருக்கும் பஸ், தெங்கேராவிலிருந்த தாய்வீட்டுக்கும் பஸ். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பொன்னுதுரைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சுதந்திரம் வரப்போகிறது, நகரில் அலங்கரித்த கார்கள் ஊர்வலம் போகப்போகின்றன என்றதும் அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அன்றைக்காவது மனைவி பக்கத்தில் உட்காரவேண்டாமா? மெதுவாகப் போகும்போது என்ஜினோடு சுற்றும் விசிறியும் சோம்பிவிடுகிறது. பேட்டரியில் ஓடும் தனி விசிறி ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று முடிவுகட்டினார்.

பழைய இரும்புக் கடையில் இரண்டு விசிறிகள் அகப்பட்டன. பெரியது நன்றாகத்தான் வீசியது. ஆனால் பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிடும். ஆகவே, ராணுவ வயர்லெஸ் பெட்டியிலிருந்து கழற்றிய சின்னதை எடுத்தார். காந்த மோட்டார், தின்பது குறைவு. தடித்த வயர், நடுவில் ஃபியூஸ், டாஷ்போர்டுக்குக் கீழே சுவிட்ச். சிவப்பு வயரை பேட்டரிக்கும் கறுப்பு வயரை பாடிக்கும் கொடுத்தார். பகலெல்லாம் ரப்பர் தோட்டத்து லாரிகளை ரிப்பேர் செய்யும் கை அது. லாரிகளில் அப்படித்தான் கொடுப்பார்கள். சுவிட்சைத் தட்டியதும் கிளம்பிய ஓசையிலேயே மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேறென்ன பார்க்கவேண்டும் என்று பானெட்டை மூடிவிட்டார்.

ஊர்வலத்தன்று கமலவேணி ஏறினார். பொன்னுதுரை எவ்வளவு கெஞ்சினார் என்று மட்டும் கேட்காதீர்கள். காரின் முன்பக்கக் கிரில்லில் வண்ணக் காகித நாடாக்களைக் கட்டிவிட்டதும் கமலவேணிதான்.

பாதி வழியில் பானெட் ஓரமாக ஆவி எட்டிப் பார்த்தது. பொன்னுதுரைக்கு உயிரே போயிற்று. மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் காரை ஓரங்கட்டி இறங்கி, முன்பக்கம் போனார். இலைகூட அசையாத வெயில். நாடாக்கள் மட்டும் அவர் முகத்தை நோக்கிப் பறந்தன.

அப்போதுதான் உறைத்தது. லாரிகளில் பாடி மைனஸ்; இந்த ஆஸ்டினில் பாடிதான் பிளஸ். வயர் மாறியதால் விசிறி தலைகீழாகச் சுற்றி, உள்ளே இழுக்கவேண்டிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. லாரிக்காரப் புத்தி, வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேனே என்று வாய்விட்டே தன்னை நொந்துகொண்டார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தபடி விலகிப் போயின. கமலவேணி இந்நேரம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்திருப்பார் என்றே நினைத்தார்.

விசிறி நின்றது. நாடாக்கள் தொங்கின. நிமிர்ந்து பார்த்தார்.

கமலவேணி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்:

“சுவிட்ச அடைச்சிட்டேங்க. வயர மாத்துங்க. நான் எறங்கல.”

ஊர்வலம் எங்கே முடிந்தது, யார் பேசினார்கள் என்று கேட்டால் பொன்னுதுரைக்குத் தெரியாது. அந்த வயர்களை மாற்றி முடிக்கும்வரை கமலவேணி இறங்காமல் உட்கார்ந்திருந்ததை மட்டும் இன்னமும் சொல்வார்.