எந்தக் காலில் சேறு

"எந்தக் கால்ல சேறு அதிகமா இருக்கணும், சொல்லு."

கணவர் கேட்டபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கெட்டிலின் உட்புறத்தை நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அதில் ஒரு சிப்பாயின் மேல்சட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டிருந்தார் அவர். பழுப்பு விளிம்பு கட்டிப் போகமாட்டேன் என்றது.

"இடது கால்ல."

"ஏன்?"

"அடிபட்டது அந்தக் கால்தானே? தூக்கி வைக்க முடியாம இழுத்துக்கிட்டு வர்றான். இழுக்கிற கால்லதான் சேறு ஏறும்."

"உடம்பு பாரம் பூரா வலது கால்ல விழுது. பாரம் விழற காலுதான் புதையும். வலதுதான்."

"அப்ப நீங்களே முடிவு பண்ணிக்குங்க. என்னை எதுக்குக் கேக்குறீங்க?"

"கேட்டாத்தானே சண்டை போட முடியும்?" என்று சிரித்துவிட்டு மேசை விளக்கை இழுத்துவைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக் கிளம்பியவர் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குள் ஜனம் வந்தது, அழுதது, போனது. எந்தக் காலில் சேறு பூசினார் என்று பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

கடையில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்துகிற வேலை. எள்ளளவு திருகாணியை மூச்சை அடக்கித் திருகிப் பழகிய விரல்கள் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. நிஜ ஆளில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஓரடி உயரச் சிப்பாய் பொம்மைகள்தான் அவருடைய பைத்தியம். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களிலேயே, பெட்டியைப் பிரிக்காமல் அடுக்கிவைத்து அழகு பார்க்கிறவர்கள் உண்டு. அவர் அந்த ரகம் இல்லை. வந்த வேகத்தில் பெட்டி கிழியும். ஒருவன் தலையை வெந்நீரில் இளக்கிக் கழற்றி இன்னொருவன் கழுத்தில் மாட்டுவார். விரல் மடங்கிய கை வேண்டுமென்றால் மூன்றாமவனிடமிருந்து பிடுங்குவார். பழைய முகத்தைச் சுரண்டிவிட்டு, இரண்டே மயிர் உள்ள தூரிகையால் தூக்கம் கெட்ட கண்களை வரைவார்.

அவளுடைய பங்கு அழுக்கு. சலவைக் கடையில் கறை பார்க்கிற வேலை அவளுக்கு. வருகிற துணியை விரித்து, இது மை, இது எண்ணெய், இது ரத்தம், இது போகும், இது போகாது என்று சீட்டு குத்துகிறவள். பகலெல்லாம் ஊரார் துணியிலிருந்து எடுத்ததைச் சாயங்காலம் உள்ளங்கையளவு சட்டையில் ஏற்றுவாள். புதுச் சீருடை போட்டவன் பொம்மை, அழுக்கு பட்ட பிறகுதான் அவன் ஆள் என்பது அவர் கட்சி. ஆனால் துப்பாக்கி வார் எந்தத் தோளை வெளுக்கும், வியர்வையின் உப்பு முதுகில் எங்கே கோடு கட்டும் என்பதெல்லாம் அவள் இலாகா. உப்புத்தாள், தேயிலைச் சாயம், சுண்ணாம்புப் பொடி, பூந்தொட்டி மண். ஒவ்வொரு கறைக்கும் ஒரு வழக்கு நடக்கும். இவன் மண்டி போட்டானா, விழுந்தானா? விழுந்தான் என்றால் கையை ஊன்றினானா? தீர்ப்பு ஆகாமல் ஒரு முழங்காலும் அழுக்காகாது.

பிள்ளையில்லாத வீடு, பொம்மையை வைத்து ஆறுதல் தேடுதுகள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவர்கள் போன பிறகு இருவரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளைக்காக ஏங்கிய காலம் ஒன்று இருந்தது, முடிந்தும் போயிற்று. பொம்மைகள் வந்தது அதற்கெல்லாம் வெகு காலத்துக்குப் பிறகு.

கடைசியாகச் செய்தவனுக்கு 'திரும்பி வருகிறவன்' என்று பேர் வைத்திருந்தார். கையில் துப்பாக்கி கிடையாது. வலது தோளில் யாரையோ வெகுதூரம் சுமந்து வந்திருக்கிறான், அந்த ஆள் இப்போது இல்லை. தோளில் கசங்கல், அதன் கீழே முதுகுப் பக்கம் வழிந்து காய்ந்த கறை, கழுத்துப்பட்டியில் இன்னொருவன் பிடித்துத் தொங்கிய இழுப்பு. சொல்ல வேண்டியதெல்லாம் துணியிலேயே இருந்தது. முகத்தில் ஒன்றும் எழுதவில்லை. அந்த வருஷத்துக் கண்காட்சிக்கு அவனைத்தான் பதிவு செய்திருந்தார்.

துக்கம் கேட்க வந்த மேஜரும் அதைப் பற்றித்தான் பேசினார். மேஜர் என்பது பொம்மைச் சங்கத்துக்காரர்கள் வைத்த பேர். மனுஷன் பட்டாளத்தை எட்டிப் பார்த்தவரில்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மீசையும் மிடுக்கும் பார்த்து ஒட்டிக்கொண்ட பேர்.

"நடு மேசை அவனுக்குத்தான், தங்கச்சி. நானே வந்து எடுத்துட்டுப் போறேன். நீங்க தொடக்கூட வேணாம், அவர் வெச்சது வெச்சபடி வரட்டும்."

அவளுக்கும் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர் வைத்தது வைத்தபடி நாலு பேர் கண்ணில் படவேண்டும்.

நாத்தனார் அவள் துணைக்கென்று தங்கிவிட்டார். கணவரின் அக்கா. கூடப்பிறந்தவன் என்று நாத்தனாருக்கு இருந்தது அவர் ஒருவர்தான். கை சும்மா இருந்தால் அழுகை வருகிறது என்று திரைச்சீலையைத் துவைத்தார், அலமாரியைக் கவிழ்த்துத் துடைத்தார், கெட்டிலைக்கூடப் புளி போட்டு வெளுக்கவைத்தார். அவள் தடுக்கவில்லை. அவரவர் துக்கம் அவரவருக்கு.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலை, தெரு முனையிலிருந்தே மாடியில் தன் வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தாள். ஏதோ சிறிசு சிறிசாகத் தொங்கியது. கைக்குட்டை என்று நினைத்தாள். பக்கத்தில் வரவர அவற்றுக்குக் கை முளைத்தது.

சட்டைகள், காற்சட்டைகள், மேல்கோட்டுகள். துணிக் கவ்வியே சட்டைக் கையைவிடப் பெரிதாக இருந்தது. காற்று வந்தபோது எல்லாச் சிப்பாய்களும் ஒன்றாகக் கையைத் தூக்கிச் சரணடைந்தார்கள்.

இரண்டிரண்டு படியாக ஏறினாள். உள்ளே கூடத்து மேசையில் நாத்தனார் விரிப்பு போட்டு இஸ்திரி பிடித்துக்கொண்டிருந்தார். அலமாரிச் சிப்பாய்கள் ஒட்டுத்துணியில்லாமல் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றார்கள். 'திரும்பி வருகிறவன்' மட்டும் உடுத்தி முடித்திருந்தான். கஞ்சி போட்ட மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"வந்துட்டியாம்மா? பாரு, மனசாட்சியே இல்லாம எவ்வளவு அழுக்கு! இவன் காற்சட்டை மட்டும் பூட்ஸைத் தாண்டி வரமாட்டேன்னுது. உள்தையலைப் பிரிச்சு எடுத்து, துவைச்சு, திரும்பத் தெச்சேன். தையல் தெரியுதா சொல்லு?"

தெரியவில்லை. நல்ல தையல்.

"எல்லாத்தையுமா அண்ணி?"

"பின்னே? நான் கிண்டல் பண்ணியிருக்கேன், இல்லைன்னு சொல்லலை. ஆனா உங்களுக்கு இதுங்கதானே பிள்ளைங்க. அவன் போய்ட்டான், நீ இருக்கிற நிலைமையில உனக்கு ஓடாது. புள்ளைங்களை அழுக்கோட விட முடியுமா?" நாத்தனாரின் கண் நிறைந்தது. "பூட்ஸ் ஒண்ணும் கழட்ட வரலை. ஈரத்துணியால துடைச்சு விட்டேன். இவனோடது மட்டும் பாக்கி."

அவள் வாயைத் திறந்தாள். நாத்தனாரின் விரல் நுனிகள் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. நாள் முழுக்க நின்றிருக்கிறார்.

"அது இருக்கட்டும் அண்ணி. விட்டுடுங்க" என்றாள். ரத்தத்தை வெந்நீரில் போட்டால் போகாது, குளிர்ந்த தண்ணீரில் போட்டால்தான் போகும். நாத்தனார் அதைக்கூடச் சரியாகச் செய்திருந்தார். தோளில் ஒன்றுமே இல்லை.

சொன்னபடி மேஜர் வந்தார். மெத்தென்று பஞ்சு வைத்த பெட்டியோடு வந்தார். மேசையில் நின்றவனைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது... அவன்தானா?"

"அவன்தான்."

"எந்த மடையன் இதைத் துவைச்சது?"

நாத்தனார் அப்போதுதான் தேநீர்த் தட்டோடு கதவருகில் வந்து நின்றார். அவள் பார்த்தாள். நான்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான், யாருக்கும் நஷ்டமில்லை.

"அண்ணிதான்" என்றாள். "பொறுப்பாத் துவைச்சுக் குடுத்தாங்க."

தட்டில் கோப்பைகள் உரசிக்கொண்டன. மேஜர் மீசைக்குள் எதையோ முணுமுணுத்துவிட்டுப் பொம்மையின் பக்கம் குனிந்தார்.

"ஒண்ணும் முழுகிப் போகலை தங்கச்சி. ஒரு வாரம் குடுங்க, நானே அழுக்காக்கிடறேன்."

"யாரோட அழுக்கை?"

அவருக்குப் புரியவில்லை. கணக்கு வாத்தியார் வேறு வழி போட்டுப் பார்த்தார். "இல்லைன்னா இப்படியே வெச்சிடலாம். பேரை மட்டும் மாத்திடுவோம். 'புறப்படுகிறவன்'. புதுத் துணி, விறைப்பா நிக்கிறான், பொருத்தமாத்தான் இருக்கு. பூட்ஸை மட்டும் புதுசா மாட்டிட்டாப் போச்சு, என்கிட்ட ஒரு ஜோடி இருக்கு. பரிசே கிடைச்சாலும் கிடைக்கும்!"

அவள் பெட்டியின் மூடியை எடுத்து, வெறும் பஞ்சின் மேல் வைத்து மூடி, அவர் கையில் கொடுத்தாள். "எழுந்து வர மனசில்லைன்னு சொல்லிடுங்க" என்றாள். யாருக்கு மனசில்லை என்று அவரும் கேட்கவில்லை. தேநீர் குடிக்காமல் போனார்.

கதவு சாத்தியதும் நாத்தனார் தட்டை மேசையில் வைத்தார்.

"அந்த அழுக்கு நீங்களா பண்ணதா?"

"ஆமா."

"ரெண்டு பேரும் உக்காந்தா?"

"ஆமா அண்ணி."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? வந்தவன் போனவன் முன்னாடி என்னை மடைச்சியாக்கி நிறுத்தணுமா?"

"துவைக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"என் தம்பி வீட்டுல கேட்டுக்கிட்டுத்தான் ஒரு துணி துவைக்கணுமா நான்?"

கேட்டால்தானே சண்டை போட முடியும் என்று சொல்ல ஒருவர் இருந்தார். இது அந்தச் சண்டை இல்லை. நாத்தனார் மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். படியில் நின்று, "சாப்பிடு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் பேச்சு.

ஒரு விடுமுறை நாளில் அவள் கெட்டிலில் தேயிலையைக் கொதிக்கவிட்டு, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை பழகிய கை. எங்கே தேய்க்கவேண்டும் என்று அதற்குத் தெரியும். வலது தோளில் தாளை வைத்து, "எவ்வளவு தூரம் சுமந்தான்?" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

இல்லை, நீ சொல்கிற அளவுக்குத் தேயாது என்று யாரும் சொல்லவில்லை. அவள் சொன்னதே தீர்ப்பு. எத்தனை தூரம் வேண்டுமானாலும் சுமக்கவைக்கலாம், விழவைக்கலாம், எழுப்பலாம். தாளைக் கீழே வைத்தாள். சாயத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கெட்டிலைக் கழுவினாள். பழுப்பு சுலபமாகப் போயிற்று.

அலமாரிக்குள் திரும்ப வைக்கத் தூக்கியபோதுதான் அவனைத் தலைகீழாகப் பிடித்துப் பூட்ஸைப் பார்த்தாள். இடது காலில் பேருக்கு நாலு தெறிப்பு. வலது காலில் கணுக்கால் வரை சேறு, பசையில் குழைத்த பூந்தொட்டி மண், விளிம்பில் அவர் நகம் இழுத்த கோடு. கேட்டுவிட்டு, கடைசியில் தன் இஷ்டத்துக்குத்தான் பூசியிருக்கிறார்.

"இழுக்கிற கால்லதான் ஏறும்" என்றாள் அவள்.

அவன் இப்போது அலமாரியின் மேல் தட்டில் நிற்கிறான். சலவை மடிப்பு கலையாமல், இன்றைக்குத்தான் கிளம்புகிறவன் மாதிரி. தூசி துடைக்கும்போதெல்லாம் அவள் அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். சேறு வலது காலில்தான் இருக்கிறது.