வலிக்காத கட்டுரை

நான் எழுதிய முள் படித்தவர்களைக் குத்தியது என்றால் அதற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மஸ்தூரா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். எதிரே மாவட்டக் கல்வி அதிகாரி எர்காஷ் பத்து விரலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேநீர்க் கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக் குடித்தார். அவரோடு சேர்ந்து அவளுடைய கட்டுரையைப் படித்த குழுவினர் எல்லாருக்கும் இதே கதிதான்.

மஸ்தூரா எழுதினால் படிப்பவர் உடம்பில் அது நடக்கும் என்பது அந்த உஸ்பெக் பருத்தி மாவட்டத்தில் பழைய செய்தி. பள்ளியில் இலக்கியம் சொல்லிக்கொடுக்க வந்த வருடமே, இதமாக இருந்தது என்று எழுதாதீர்கள், கை எதைத் தொட்டது, நாக்கில் என்ன பட்டது என்று எழுதுங்கள் என்பதற்கு மாதிரியாக, முலாம்பழம் அறுபடுவதைப் பற்றிக் கரும்பலகையில் நாலு வரி எழுதினாள். வகுப்பு முழுக்கத் தாடையில் சாறு வழிந்தது. தேனீக்களை விரட்டத் தலைமையாசிரியர் புகை போட வேண்டியதாயிற்று. அதன்பிறகு கோடையில் அண்டை வீட்டுக்காரர்கள் அவளிடம் பனியைப் பற்றி எழுதி வாங்கிப்போய், படுக்கும் முன் படித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். சந்தையில் வெங்காயம் விலை இறங்கினால் எப்படியோ அப்படித்தான் ஊர் இதையும் எடுத்துக்கொண்டது.

இலையுதிர்காலம் வந்தால் அங்கே பள்ளிகளைப் பூட்டிவிடுவார்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் பனி விழும்வரை பருத்தி வயலில்தான். போவதற்கு முன்னால் மாவட்டத்திலிருந்து 'எங்கள் வெள்ளைத் தங்கம்' என்று ஒரு மாதிரிக் கட்டுரை வரும். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி, பெருமிதம், மகிழ்ச்சி என்ற சொற்களைச் சரியான இடத்தில் போட்டுவிட்டு, சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். இந்த வருடம் அதை எழுதும் பொறுப்பு மஸ்தூராவுக்கு வந்தது. அவள் தனக்குத் தெரிந்ததை எழுதினாள்: காய்ந்த காயின் ஓட்டு நுனி நகக்கண்ணில் இறங்குவது, செடியின் இலைகளை உதிர்க்கத் தலைக்கு மேல் விமானம் தூவிப்போன மருந்தின் அழுகல் நெடி, விடிகாலையில் ஈரம் காயாத காலணி, இரவு படுக்கும் கொட்டகை வைக்கோலில் விடாத இருமல். குழுவினர் படித்து முடிப்பதற்குள் தாள் சிவந்துவிட்டது. குழுச் செயலாளரின் கோட்டிலிருந்து நெடி போகாததால் அவர் மனைவி அதை வெளியே கொடியில் போட்டுவிட்டாள். ஆனால் பிள்ளைகளுக்கும் இப்படித்தானே இருக்கும் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மஸ்தூராவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"கோபமெல்லாம் இல்ல ஓபா," என்றார் எர்காஷ். வயதில் இளையவர், அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவார். "பொண்டாட்டிதான் ஊட்டி விடறா. கல்யாணமான புதுசுலகூட இப்படி ஊட்டினதில்ல."

பிறகு காரியத்துக்கு வந்தார். பஞ்சு மேகம்போல இருக்கிறது, மதியச் சூப்பில் ஆட்டுக்கொழுப்பு மணக்கிறது, வைக்கோல் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அவள் திரும்ப எழுதித் தர வேண்டும். "காலைல ஒரு தடவை படிச்சுட்டுப் பசங்க வயல்ல இறங்கட்டும். வலியே தெரியாது. அதுங்க மேல உங்களுக்குத்தானே பாசம் அதிகம்?" எழுதாவிட்டால் வேலை போய்விடும் என்பதையும் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

"பசங்கள அனுப்பாம இருந்தா?" என்று கேட்டாள். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்.

கோபத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் வேலையைவிட அவளை அசைத்தது பாசம் என்ற அந்தச் சொல்தான். போன வருடம் அவள் வகுப்புச் சிறுமி நொதிரா, வெடித்த விரல்களால் ரொட்டியைப் பிய்க்க முடியாமல் குனிந்து வாயாலேயே கவ்வித் தின்றாள். ஒரு வரி போதும், அந்த வலி இருக்காது. அதைச் செய்யாமல் இருக்க நான் யார் என்று தோன்றியது. பேனாவை எடுத்து எழுதினாள்: பஞ்சு, அப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டியின் காதுபோலக் கைக்குள் கிடந்தது.

எர்காஷ் எட்டிப் படித்தார். முகம் தளர்ந்தது. பல்லால் கட்டுகளை அவிழ்த்துப் போட்டார். அடுப்பிலிருந்து கொதிக்கும் கெண்டியை வெறுங்கையால் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி வந்து அவளுக்குத் தேநீர் ஊற்றினார். தோல் பொசுங்கும் வாடை வந்தது. விரல் நுனியிலிருந்து சொட்டிய ரத்தம் மேஜை விரிப்பில் பரவியது. "பாருங்க, எவ்வளவு சுகமா இருக்கு," என்று சொல்லி, கிண்ணம் வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மஸ்தூராவின் கண் முன்னால் வயல் முழுவதும் வந்தது. எலும்பு தெரியும்வரை சிரித்துக்கொண்டே பறிக்கும் பிள்ளைகள், மாலையில் சாக்குகளை எடைபோட்டுவிட்டு அவர்களைத் தட்டிக்கொடுக்கும் ஆட்கள். அழக்கூட விடமாட்டார்களா என்று நினைத்தாள். அந்த வரியை எழுத்தே தெரியாதபடி அடித்தாள்.

கெண்டி தரையில் விழுந்தது. எர்காஷ் கைகளை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவள் கூஜாத் தண்ணீரை அந்தக் கைகளில் ஊற்றினாள். தலைக்குட்டையை அவிழ்த்து இரண்டாகக் கிழித்துச் சுற்றத் தொடங்கினாள்.

"உயிர் போகுது ஓபா," என்றார் அவர். "பசங்களுக்கு வேணாம், விடுங்க. எனக்காவது அந்த ஒரு வரியத் திரும்ப எழுதிக் குடுங்க."

"மாட்டேன் எர்காஷ்," என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கையை எடுத்துச் சுற்றினாள்.