நாரை ஜாடி வரைந்தவள்

இங்கிலாந்தில் பர்ஸ்லெம் ஊர் மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை லார்க்ஹில் வட்டத்தார் கூடுவார்கள், எப்போதோ மூடிப்போன லார்க்ஹில் பீங்கான் ஆலையின் பாத்திரங்களைச் சேகரிப்பவர்கள். ஆளுக்கொரு ஜாடியையோ தேநீர்க் கெண்டியையோ பழைய கம்பளித் துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். வந்ததும் துணியைப் பிரித்து, பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். அங்கே சிறிய வானம்பாடி முத்திரை இருக்க வேண்டும். அடுத்து நகத்தால் ஒரு சுண்டு. விரிசல் இருந்தால் ஓசை அமுங்கிக் கேட்கும். இத்தனையும் ஆன பிறகுதான் நிமிர்த்தி வைத்துப் படத்தைப் பார்ப்பது.

அப்படிப் பார்க்கும்போது எல்லோருடைய கண்களும் கடைசியில் போய் நிற்கும் இடம், மேசையின் தலைப்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஹெட்டி ஷென்டன்.

"இதுவும் உங்க கைதானே, மிஸஸ் ஷென்டன்?"

எழுபத்தெட்டு வயது ஹெட்டி ஜாடியை வாங்கி மடியில் வைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்ப்பாள். காக்க வைப்பது அவளுக்குப் பிடிக்கும். பிறகு, "ஆமாம் கண்ணு, என்னோடதுதான்" என்பாள். கொண்டுவந்தவரின் முகம் பூத்துப்போகும்.

லார்க்ஹில் பாத்திரங்களுக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. முப்பதுகளில் அவை கடைக்காரப் பெண்களும் குமாஸ்தாக்களின் மனைவிகளும் வாங்கிய சரக்கு. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, மைக்கறுப்பு, புல்பச்சை. யுத்தம் முடிந்ததும் அந்த வண்ணங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. ஜாடிகள் பரணுக்கும் கரிக்கொட்டகைக்கும் போயின. சிலவற்றில் நாய்க்குத் தண்ணீர் வைத்தார்கள். எழுபதுகளில் லண்டனில் ஒரு கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு நாலைந்தை வைத்தார். அதோடு அவரவர் அம்மாவின் பரணில் ஏற ஆரம்பித்தார்கள். அச்சடித்த படமாக இருந்திருந்தால் இந்தப் பைத்தியம் பிடித்திருக்காது. ஒவ்வொன்றிலும் தூரிகை இழுத்த தடம் தெரியும். வரைந்தவள் எங்கே அழுத்தினாள், எங்கே மூச்சை அடக்கினாள் என்பதுவரை தெரியும். அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்க்கிறவர்கள் ஒரு பெண்ணின் கையைத் தொடுவதாகவே நினைத்தார்கள்.

வட்டத்தின் செயலாளர் டெரிக் வார்டில், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். லார்க்ஹில்லில் வேலை செய்த யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று அவர் உள்ளூர்ப் பத்திரிகையில் கேட்டிருந்தார். போனது ஹெட்டி ஒருத்திதான். மற்றவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதிப் பேர் எங்கெங்கோ கல்யாணமாகிப் போயிருந்தார்கள். டெரிக் அவள் முன்னால் ஒரு ஜாடியை வைத்தார். ஆரஞ்சு வானத்தில் நீண்ட கழுத்துடன் பறக்கும் கறுப்பு நாரை.

"இதை யார் வரைஞ்சாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ரோடா டாம்ஸ் என்று சொல்லத்தான் ஹெட்டி வாயைத் திறந்தாள். "நான்தான்" என்ற சொல் வந்தது. அது வந்த வேகம் அவளுக்கே வியப்பாக இருந்தது. டெரிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

உண்மையில் அவளும் நாரை வரைந்தவள்தான், மூன்று வாரம். வடிவங்களை உருவாக்கியவர் மிஸ் பெல். உயரமான பெண்மணி, குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு காலை ஹெட்டியின் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றார். பாதி வரைந்திருந்த ஜாடியை அவள் கையிலிருந்து எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோடாவின் முன் வைத்தார். "நீ முடி" என்றார் அவளிடம். பிறகு ஹெட்டியைப் பார்த்து, "உன் நாரைக்குக் கழுத்து இல்லை, குழாய்தான் இருக்கு. கோடு மட்டும் நேரா வருது. அதையே போடு" என்றார். அறை முழுக்கப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரோடா அந்தக் கழுத்தை ஒரே இழுப்பில் முடித்தாள். முடித்துவிட்டு, பாவம் என்பதுபோல ஹெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நாள் தொட்டு லார்க்ஹில் மூடப்படும்வரை ஹெட்டி சுழல்பலகையில் ஜாடிகளை ஏற்றி, விளிம்பில் கறுப்புக் கோடு போட்டாள். ரோடா வரைந்த ஒவ்வொரு நாரைக்கும் மேலே கோடு போட்டவள் அவள்தான்.

மிஸ் பெல் திட்டியதை ஹெட்டி மறந்துவிட்டாள். ரோடா சிரித்ததை மறக்கவில்லை.

ரோடா எண்பத்தாறாம் வருஷம் அக்டோபரில் வந்தாள். கல்யாணமாகி வேல்ஸ் கடற்கரைப் பக்கம் போனவள், கணவன் இறந்த பிறகு பக்கத்து ஊரான லீக்கில் இருக்கும் மகள் ஜேனிஸின் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்திரிகையில் ஹெட்டி நாரை ஜாடியோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகிப் போகும்போது தான் கொண்டுபோயிருந்த நாரை ஜாடியை மகள் கையில் கொடுத்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தாள்.

"உக்காருங்க, உக்காருங்க" என்று டெரிக் எழுந்தார். "நீங்க...?"

"ரோடா ப்ளோர். முந்தி ரோடா டாம்ஸ். இது நான் வரைஞ்சது." ரோடா மேசையைச் சுற்றிப் பார்த்தாள். "அதோ அதுவும். இங்க இருக்கிற அத்தனை நாரையும் நான் வரைஞ்சதுதான்." பிறகு ஹெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி ஹெட்டி, பேப்பர்காரன் பேரை மாத்திப் போட்டுட்டானா? நீயாவது சொல்லக் கூடாதா?"

தப்பித்துக்கொள்ள வழி விட்டுத்தான் கேட்டாள். பேப்பர்காரன் மேல் பழியைப் போட்டிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அதே சிரிப்பாக இருந்தது.

"ரோடா! உயிரோடத்தான் இருக்கியா கண்ணு!" ஹெட்டி எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அப்படியே தோளைத் திருப்பி வட்டத்தாரிடம் காட்டினாள். "இவளும் எங்க பெஞ்சுதான். தங்கமான பொண்ணு. விளிம்புக் கோடு போடுவா. கோட்டுல இவளை அடிச்சுக்க ஆள் கிடையாது."

"என்னடி உளர்ற? கோடு போட்டது நீ!" என்றாள் ரோடா.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தன் அலமாரியில் பதினோரு நாரைகள் வைத்திருக்கும் பல் வைத்தியர் எரிச்சலோடு தொண்டையைக் கனைத்தார். ஷென்டன் என்ற பெயரில் அவர்கள் பட்டியல் போட்டிருந்தார்கள், கண்காட்சி வைத்திருந்தார்கள். அதையெல்லாம் இந்தக் கிழவி வந்து கலைப்பதை அங்கே யாரும் விரும்பவில்லை. ஹெட்டிக்கு அது புரிந்தது. கூடவே, கட்டிக்கொண்டபோது முதுகில் பட்ட ரோடாவின் கைகளும் நினைவில் இருந்தன. கணுக்கள் வீங்கி, விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தன.

"சண்டை எதுக்கு?" என்றாள் ஹெட்டி. "ஒரு பிரஷ் குடுங்க, வரைஞ்சு காட்டட்டும். கத்துக்கிட்ட கை மறக்குமா? கழுத்து ஒரே இழுப்புல வரணும், அவ்வளவுதானே ரோடா?"

"அம்மாவால சட்டைப் பொத்தானையே போட முடியாதுங்க!" என்றாள் ஜேனிஸ்.

"அப்ப நாங்க எதை வெச்சும்மா நம்பறது?" என்றார் டெரிக். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

"குடு, நான் வரையறேன்" என்றாள் ரோடா.

ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் சாயப் புட்டியும் தூரிகையும் அலமாரியிலிருந்து வந்தன. தாளை ஹெட்டியே விரித்துக் கொடுத்தாள். ரோடா தூரிகையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். பிடித்ததும் உடம்பு தானாகவே நிமிர்ந்தது, தாடை உயர்ந்தது. வேலை தெரிந்தவள் உட்காரும் உட்கார்வு. ஆனால் கோடு தொடங்கிய இடத்திலேயே உதறியது. இரண்டங்குலம் போனதும் தூரிகை கவிழ்ந்து, சாயம் கொட்டித் தாளில் குளமாகத் தேங்கியது.

"இன்னொரு தாள்" என்றாள் ரோடா.

இன்னொன்று கொடுத்தார்கள். அதற்கப்புறம் இன்னொன்று. பின்வரிசையில் யாரோ, "நாரையா, தோலுரிச்ச கோழியா?" என்று முணுமுணுக்க, இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ரோடாவுக்குக் கேட்டது. தூரிகையை மேசைமேல் வைக்கப் பார்த்தாள், விரல்கள் விடவில்லை. ஜேனிஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"மிஸஸ் ஷென்டனும் ஒண்ணு வரைஞ்சு காட்டட்டுமே" என்றாள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்.

"அவங்க எதுக்குங்க நிரூபிக்கணும்?" என்று டெரிக் அவள்மேல் பாய்ந்தார்.

ஹெட்டி தன் கைக்குட்டையை எச்சிலில் நனைத்து, ரோடாவின் விரல்களில் ஒட்டியிருந்த சாயத்தைத் துடைத்துவிட்டாள். "பரவாயில்லை கண்ணு. வயசாயிடுச்சு இல்லையா" என்றாள். அடுத்த மாதம் பல் வைத்தியர் ஹெட்டிக்கு ஒரு பெட்டி சாக்லேட் கொண்டுவந்தார்.

குளிர்காலத்தில் ரோடாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஜனவரியில் ஒரு மதியம், கொட்டும் மழையில் ஜேனிஸ் ஹெட்டியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா இந்த வாரம் தாங்க மாட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க, ஹெட்டி ஆன்ட்டி. தூக்கத்துலயும் கையைத் தூக்கித் தூக்கி இழுக்கறாங்க, வரையற மாதிரி. நீங்க வட்டத்துல சொல்ல வேணாம். யார்கிட்டயும் சொல்ல வேணாம். அம்மா காதுல மட்டும் ஒரு வார்த்தை, அது உன்னோடதுதான்னு. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"அதுக்கென்ன கண்ணு, வர்றேன்" என்றாள் ஹெட்டி. நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ரோடா மூக்கிலும் வாயிலும் பிராணவாயு மூடியோடு, தலையணையில் புதைந்து கிடந்தாள். ஹெட்டி ஜேனிஸை வெளியே நிற்கச் சொன்னாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து, காதோடு வாயை வைத்தாள்.

"ரோடா, நான் ஹெட்டி. நாரை உன்னோடதுதான்டி. உன் கை மாதிரி ஒரு கை லார்க்ஹில்ல இருந்ததே இல்ல. மிஸ் பெல்லுக்கே அப்படி வராது."

ரோடா கண்ணைத் திறந்தாள். அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அது நன்றாக வரட்டும் என்று ஹெட்டி காத்திருந்தாள்.

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவ்வளவுதான். நீ போயிட்டா எனக்கு மட்டும்தான் தெரியும், நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. எல்லாத்துலயும் என் பேருதான் இருக்கும். உன் பொண்ணையும் நம்பவெச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். நீ போயிட்டு வா."

ரோடா மூடியைப் பிடுங்கப் பார்த்தாள். வளைந்த விரல்கள் ரப்பரில் வழுக்கின. ஹெட்டி அந்தக் கையைப் பக்குவமாக எடுத்துப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தைச் செருகிவிட்டாள்.

தாழ்வாரத்தில் ஜேனிஸ் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "சொன்னீங்களா? அம்மா அழறாங்களே."

"சந்தோஷத்துல அழறா."

"ரொம்ப நன்றி ஆன்ட்டி. சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். அப்ப... அது நிஜம்தானே?"

"எது கண்ணு?"

"அம்மா வரைஞ்சதுன்னு."

ஹெட்டி அவளைப் பரிவோடு பார்த்தாள். "சாகப்போறவகிட்ட வேற என்ன சொல்றது? நல்லபடியாப் போகட்டும்னு ஒரு பொய் சொன்னேன். நீதானே கேட்ட."

ஜேனிஸின் பிடி மெல்லத் தளர்ந்தது. "அம்மா பொய் சொல்ற ஆள் இல்லையே" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

"பொய்னு ஏன் நினைக்கிற? வயசானா ஆசையும் ஞாபகமும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். என் பக்கத்துலயே உக்காந்து அத்தனை வருஷம் பாத்துக்கிட்டிருந்தா, பாவம். அதெல்லாம் தானே வரைஞ்ச மாதிரி ஆயிடுச்சு."

ஜேனிஸ் உள்ளே போனாள். ஹெட்டி கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரோடா தலையை இப்படியும் அப்படியும் புரட்டி என்னவோ சொல்லப் பார்த்தாள். மகள் அவள் நெற்றியைத் தடவி, "தெரியும்மா, தெரியும், பேசாம படுங்க" என்று சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. குழந்தையைச் சமாதானப்படுத்தும் முகம். ரோடாவும் அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சொல்ல முயல்வதை நிறுத்திக்கொண்டாள்.

அன்று ராத்திரி தூக்கம் வராது என்றுதான் ஹெட்டி நினைத்திருந்தாள். நன்றாகவே தூங்கினாள்.

ரோடா ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். சாம்பலை ஜேனிஸ் அந்த நாரை ஜாடியிலேயே போட்டு, வாயை மெழுகால் அடைத்து, கல்லறைத் தோட்டத்தில் புதைத்தாள். "யார் வரைஞ்சிருந்தா என்ன, அம்மாவுக்குப் பிடிச்சது" என்று வந்தவர்களிடம் சொன்னாள். வட்டத்தின் சார்பில் டெரிக்கும் பல் வைத்தியரும் மலர்வளையம் கொண்டுவந்திருந்தார்கள். குழிக்குள் ஜாடி இறங்குவதைப் பார்த்துப் பல் வைத்தியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து ஜேனிஸின் வீட்டில் தேநீரும் பன்றித்தொடை சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். டெரிக் தட்டை ஏந்திக்கொண்டு ஹெட்டியின் அருகில் வந்து உட்கார்ந்தார். அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மனசு ஆற மாட்டேங்குது, மிஸஸ் ஷென்டன். ஒரு கீறல் இல்லாத ஜாடி. உங்க கையில வந்ததுலயே நல்லது அதுதான்னு நான் சொல்லுவேன். மண்ணுக்குள்ள போயிடுச்சே."

எதிரே கெண்டியோடு நின்றிருந்த ஜேனிஸ் அவர்களைப் பார்த்தாள். ஹெட்டி வாயில் இருந்ததை நன்றாக மென்று விழுங்கினாள்.

"அட விடுங்க டெரிக். அதுல கழுத்து சரியா விழலை. சூளைக்கே போயிருக்கக் கூடாத ஜாடி" என்றாள். பிறகு காலிக் கோப்பையை ஜேனிஸின் பக்கம் நீட்டினாள்.