கட்டினது என் கை

1

இந்தக் கதை ஒரு விற்பனை விளம்பரமாகப் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று திட்டக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் மின்சாரக் காரை விற்கப் போகிறார். "நீதான் பெரிய எழுத்தாளனாச்சே, ஞாயித்துக்கிழமைக்குள்ள நாலு வரி எழுதிக் குடு" என்று கேட்டார். நான் நானூறு பக்க நாவலே எழுதியவன் (அது விற்கவில்லை என்பது வேறு விஷயம்). காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விற்பனைக்கு: மின்சாரக் கார். வெள்ளை நிறம். மூன்று வயது. ஒரே ஆள் ஓட்டியது. கூரைமேல் சுமை ஏற்றும் கம்பிகள் உண்டு. விபத்து

அங்கே பேனா நின்றுவிட்டது. 'விபத்து எதுவும் இல்லை' என்று எழுதினால் பொய்யாகாது. காரில் ஒரு கீறல்கூடக் கிடையாது. வாங்குகிறவருக்கு அது போதும். ஆனால் கை அடுத்த சொல்லுக்கு நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆறு நாளாயிற்று. நான்கு வரி வீங்கி, இப்போது நீங்கள் படிக்கிற இதுவாகியிருக்கிறது.

2

கதை என்றால் தொடக்கம் வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: சிவப்பு விளக்கு விழுந்தது. நின்ற வண்டிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார், தலையில் கட்டிலைச் சுமந்துகொண்டு, கோபித்துக்கொண்டு பெட்டியோடு கிளம்பிய மாமியாரைப் போல...

(போதும். உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அந்தக் காரை எந்தச் சிக்னலிலும் நின்று பார்க்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: மின்சாரக் காரின் எடை இரண்டு டன்னுக்குப் பக்கம். அதனால் அதன் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. எடையெல்லாம் அடியில், பேட்டரியில் கிடக்கிறது. கார் ஓடும்போது இதன் கூரை தாங்குவது எழுபத்தைந்து கிலோ, அதிலும் கம்பிகளின் எடை சேர்த்தி. சுமை ஏறினால் காற்று எதிர்க்கும், ஒரு சார்ஜில் போகிற தூரம் குறையும், பிரேக் பிடித்தால் முன்பைவிடத் தள்ளிப் போய் நிற்கும், வளைவில்...

(இதுவும் உண்மை. ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது.)

மூன்றாம் தொடக்கம்: அவள் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் கட்டிலை நிறுத்தினாள்.

இதை வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அவள் அப்படித்தான் செய்தாள்.*

* 'செய்வாள்' என்று எழுதியிருக்க வேண்டும். பாத்திரங்கள் செய்வார்கள். செய்தவர்கள் வேறு.

3

அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'பிசியோ மேடம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாமும் அப்படியே கூப்பிடலாம். பதினாறு வருடமாகத் தரைக்குக் கீழே உள்ள ஓர் அறையில் அடுத்தவர்களின் தோளையும் முழங்காலையும் பிடித்துவிட்டு, கழுத்தைத் திருப்பிச் சரிசெய்கிறவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை, சொந்தமாக ஓர் அறை. அதையும் பார்த்து வைத்திருந்தாள். ஒரு ஜன்னல், தரைத்தளம், வாசலில் படி கிடையாது. "முட்டி வலியோட வர்றவங்கள முதல்ல படி ஏறச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்பாள்.

இருநூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் ஒரு சிகிச்சை மையத்தை மூடினார்கள். அங்கே இருந்த மரக் கட்டிலை, நோயாளியைப் படுக்க வைத்து வைத்தியம் பார்க்கிற கெட்டியான பழைய கட்டிலை, எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கால்களைக் கழற்றி எடை போட்டாள். பலகை மட்டும் முப்பத்தெட்டு கிலோ. கம்பிகள் ஆறு. கூட்டினால் நாற்பத்துநான்கு. கால்கள் பின் சீட்டில்.

இப்படி ஒரு பாத்திரத்தை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. கட்டிலை யார் எடை போடுவார்கள்? கம்பி கண்ணாடிக் கூரையைத் தொடாமல் இருக்கிறதா என்று யார் காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துப் பார்ப்பார்கள்? குறுக்கே இரண்டு நைலான் பட்டை போட்டாள், முன்பக்கம் காரின் மூக்கிலிருந்து ஒன்று. பல்சக்கரம் வைத்த இறுக்கியைக் கட்டை விரலால் தடவி, பட்டை ஒரு சுருக்கமும் இல்லாமல் தட்டையாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கட்டிலைப் பிடித்து உலுக்கினாள். கட்டில் அசையவில்லை, கார் அசைந்தது.

"முட்டிக்குக் கட்டு போடற மாதிரிதான். பாதி கட்டினா கட்டாததவிட மோசம்."

பத்து கிலோமீட்டரில் நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். எண்பதுக்கு மேல் போகவில்லை. சுமையோடு ஒரே சார்ஜில் ஊர் வந்து சேராது என்று முன்பே கணக்குப் போட்டு, பாதி வழியில் ஒரு சார்ஜ் நிலையத்தைக் குறித்து வைத்திருந்தாள். இவளை வைத்துக்கொண்டு எப்படி ஒரு விபத்தை எழுதுவது? எழுத்தாளனுக்கு இவ்வளவு ஜாக்கிரதையான ஆள் பெரிய தலைவலி.

4

இதுவரை எழுதியதை மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்கொத்திப் பாம்பு. நான் விட்ட ஒற்றுப் பிழையை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிப்பாள். சார்ஜ் நிலையத்துப் பகுதியில் இப்படி ஒரு வரி இருந்தது: "மழை தூறத் தொடங்கியது. கழிப்பறையிலிருந்து ஓடி வந்தவள், 'எல்லாம் சரியா இருக்கா பாத்தியா?' என்று கேட்டாள்."

"யாரக் கேக்கறா?" என்றாள் மனைவி.

"தனக்குத் தானே."

"தனக்குத் தானே 'பாத்தியா'ன்னு கேக்கறவளா இவ? பக்கத்து சீட்ல யாரோ இருக்காங்க. நீங்க அந்த ஆள எழுதாம விட்டுட்டீங்க."

"கதைக்கு அந்த ஆள் தேவையில்ல."

"கட்டிலத் தூக்கி மேல வைக்க இன்னொரு கை வேணாமா? முப்பத்தெட்டு கிலோன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

காகிதங்களைத் திருப்பி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அந்த வரியை அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன்.

5

பக்கத்து சீட்டைக் காலியாகவே வைத்துக்கொண்டு கதையை முடிக்க முடியுமா என்று பார்த்தேன். முடிவுகள் கைவசம் நிறைய இருந்தன.

முதல் முடிவு. ஒன்றும் விழவில்லை. கட்டில் வந்து சேர்கிறது. படி இல்லாத வாசல் வழியாக முதல் நோயாளி நடந்து வருகிறார். (இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே கிழித்தேன்.)

இரண்டாம் முடிவு. பட்டை செய்தவர்கள் சரியாகச் செய்யவில்லை. தையல் விட்டுவிட்டது. யார் மேலும் குற்றம் இல்லை, எல்லோரும் நல்லவர்கள். சுத்தமான சப்பைக்கட்டு.

மூன்றாம் முடிவு. திடீரென்று ஒரு பெருங்காற்று...

காற்று பாவம். அது எப்போதும் போலத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

6

பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். பிசியோ மேடம் என் அக்கா. 'தெரிந்த ஒருவர்' என்று முதல் பத்தியில் சொன்னேனே, அவள்தான்.

நடந்தது இவ்வளவுதான். பெட்ரோல் காராக இருந்தால் என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது. இந்தக் காரில் சத்தமே இல்லை. அதனால் மூக்கிலிருந்து கூரைக்குத் தட்டையாக இழுத்துக் கட்டிய முன்பட்டை காற்றில் அதிர்ந்து 'ங்ஙொய்' என்று இரைந்தது காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்காவுக்கு அது பிடித்திருந்தது. "சத்தம் ஒரே மாதிரி கேக்கற வரைக்கும் பெல்ட் ஒரே மாதிரி இறுக்கமா இருக்குன்னு அர்த்தம்டா" என்றாள். எனக்கோ மண்டைக்குள் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. நாவலின் கடைசி வாக்கியம். பாதி வந்துவிட்டது, மீதி வரவேண்டும், இந்த இரைச்சல் விடமாட்டேன் என்கிறது.

பட்டையில் ஓர் அரைச்சுற்று கொடுத்தால் இரைச்சல் நின்றுவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அது உண்மைதான். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது, அக்கா கழிப்பறைக்குப் போன நேரத்தில், இறங்கி முன்பட்டையின் இறுக்கியைத் திறந்தேன். தளர்த்தினேன். திருப்பினேன். மறுபடி இறுக்கினேன். நான் கொடுத்த அரைச்சுற்று இறுக்கியின் சக்கரத்துக்குள்ளேயே போய் மாட்டிக்கொண்டது, பட்டை முழுசாக இறுகவில்லை. பிடியை மடக்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது. கட்டிலைப் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மழையில் ஓடி வந்து சீட்டில் விழுந்தவள் கேட்டாள்: "எல்லாம் சரியா இருக்கா பாத்தியா?"

"பாத்தேன்."

ஐந்து நிமிடம் கழித்து, "சத்தம் நின்னுடுச்சே?" என்றாள்.

"காத்து திரும்பியிருக்கும்."

அப்போது நான் தொடையில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். வாக்கியம் வந்துவிட்டது. (நாவலின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எல்லோரும் அதை நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.)

சார்ஜ் நிலையத்திலிருந்து பதினாறாவது கிலோமீட்டரில் தலைக்கு மேல் ஏதோ பெருமூச்சு விட்டது. கட்டிலின் முன்விளிம்பு எழும்பியது, தளர்ந்திருந்த மூக்குப் பட்டையின் கொக்கி ஒரு பக்கம் கழன்றது, பலகை குறுக்குப் பட்டைகளுக்கு அடியிலிருந்து பின்பக்கமாக வழுக்கியது. பின்கண்ணாடியில் பார்த்தபோது பலகை சாலையில் நின்றது, பிறகு விழுந்தது. பின்னால் பைக்கில் வந்தவர் ஒடித்துத் திருப்பினார். கட்டிலின் மேல் மோதவில்லை. சறுக்கி, தோளில் விழுந்தார்.

அக்கா அவரிடம் ஓடினாள். நான் பட்டையிடம் ஓடினேன்.

7

அவர் ஓர் எலக்ட்ரீஷியன். காறை எலும்பு முறிந்தது. அக்காவே பத்து வாரம் வைத்தியம் பார்த்தாள். இப்போது ஏணி ஏறுகிறார். "கட்டில்ல இருந்து விழுந்தவங்க உண்டு, கட்டிலே வந்து விழுந்தது எனக்குத்தான்" என்று ஆஸ்பத்திரியில் எல்லோரையும் சிரிக்க வைப்பார். அக்காவிடம் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "மேடம், உங்க கை பட்டதாலதான் இந்தத் தோள் பழையபடி வந்துச்சு."

அவருக்குப் பிறகு யார் கழுத்தையும் அக்கா தொடவில்லை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பதோடு சரி. கை வைக்க வேண்டிய வேலையைச் சின்னவர்களிடம் தள்ளிவிடுகிறாள். படி இல்லாத அந்த அறையை விட்டுக்கொடுத்துவிட்டாள், இப்போது அங்கே சாவி நகலெடுக்கிறார்கள். கார் உறை போட்டு நிற்கிறது, அவள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறாள்.

ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். "நான் சரியாப் பாத்திருக்கணும்க்கா" என்று இழுத்தேன். அவள் முடிக்கவிடவில்லை.

"உனக்கென்னடா தெரியும் கட்டறதப் பத்தி? கட்டினது என் கை. இந்தக் கைய நம்பி இனிமே நான் எப்படி ஒருத்தர் கழுத்தத் திருப்பறது?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவளே என் தலையைத் தடவிக் கொடுத்தாள். பதினான்கு மாதமாக அந்தத் தடவல் என் தலையில் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது.

போன வாரம் வந்து காரை விற்பதாகச் சொன்னாள். நான்கு வரி கேட்டாள்.

8

'நீங்கள்' என்று சொல்லி இவ்வளவு தூரம் அழைத்து வந்ததற்கு மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகர்தான்.

அக்கா, நீ கேட்ட விளம்பரம் இது:

விற்பனைக்கு: மின்சாரக் கார். வெள்ளை நிறம். மூன்று வயது. ஒரே ஆள் ஓட்டியது. கூரைமேல் சுமை ஏற்றும் கம்பிகள் உண்டு. விபத்து: ஒன்று. கட்டியவர் சரியாகக் கட்டியிருந்தார். பக்கத்து சீட்டில் இருந்தவன் அவிழ்த்தான்.

காகிதங்களுக்கு மேல் வைத்திருப்பது அந்த முன்பட்டை. என் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. நான் எதையும் சரிசெய்யவில்லை. இறுக்கியைத் திறந்து உள்ளே பார், அரைச்சுற்று இன்னும் சக்கரத்தில் சிக்கியபடியே இருக்கிறது. நீ ஒரு நாளும் அப்படிச் சுற்றமாட்டாய் என்பது உன் கட்டை விரலுக்குத் தெரியும்.

உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையும் ஒரு முடிவாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

9

இந்தப் பகுதியை நான் எழுதவில்லை. விளம்பரத்தைக் கொடுப்பதா கிழிப்பதா, சாவிக்கடைக்காரரிடம் போய் அந்த அறை எப்போது காலியாகும் என்று கேட்பதா, தம்பி என்று ஒருவன் இல்லை என்று வைத்துக்கொள்வதா, எதுவானாலும் நீ எழுது. கீழே இடம் விட்டிருக்கிறேன். அவசரமில்லை. நான் உன் வீட்டுக்குக் கீழே படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.